பழைய ஸ்போர்ட்ஸ் காரின் சஸ்பென்ஷன், பிரேக்: அசலா, மேம்பாடா, முழு மாற்றமா?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் சஸ்பென்ஷனையும் பிரேக்கையும் பிரித்து மறுபடி கட்டத் துணிகிறவருக்கு மூன்று வழிகள் உண்டு. தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் இருந்தபடியே திருப்பிக் கொண்டுவருவது ஒன்று. அமைப்பைத் தொடாமல் புஷ் (இணைப்பின் நடுவே உட்காரும் உருளை வளையம்), ஹோஸ் (பிரேக் எண்ணெய் போகும் வளையும் குழாய்), பேட் (டிஸ்க்கைப் பிடிக்கும் உராய்வுத் துண்டு) போன்ற சில இடங்களில் மட்டும் இன்றைய நல்ல பொருளைப் போடுவது இரண்டாவது. பழைய அமைப்பைக் கழற்றி ஓரம் வைத்துவிட்டு, காயில் ஓவர் ஷாக் (சுருள் ஸ்பிரிங் சுற்றிய ஷாக் அப்சார்பர்), நான்கு பிஸ்டன் காலிப்பர் (பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பாகம்), பின்சக்கரத்துக்கும் டிஸ்க் என்று முழு கிட்டாக வாங்கிப் பொருத்துவது மூன்றாவது.

இவற்றை ஒப்பிடும் முறையிலேயே பெரும்பாலும் ஒரு கோளாறு நடந்துவிடுகிறது. நாற்பது ஐம்பது வருடம் ஓடி, ரப்பரெல்லாம் நைந்து, ஷாக் அப்சார்பரில் எண்ணெய் வற்றி, கிங்பின்னில் (முன்சக்கரம் திரும்பும் அச்சாணி) ஆட்டம் கண்ட காரை ஒரு பக்கம் வைக்கிறோம். புத்தம்புது கிட்டை மறுபக்கம் வைக்கிறோம். கிட் ஜெயிக்காமல் என்ன செய்யும்? முழுதாகச் சீரமைத்த அசல் அமைப்போடு கிட்டை ஒப்பிட்டால்தான் நியாயமான விடை கிடைக்கும். அப்படி ஒரு அசல் காரை ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பு பலருக்குக் கிடைப்பதே இல்லை, ஏனென்றால் நல்ல நிலையில் இருக்கும் அசல் சஸ்பென்ஷன் இன்று அபூர்வம். அதனால் என் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அசல் அமைப்பை முழுமையாகச் சரிசெய்யுங்கள், பாதுகாப்பு சம்பந்தப்பட்ட சில இடங்களில் மட்டும் தயங்காமல் மேம்படுத்துங்கள், ஓட்டிப் பாருங்கள், அப்புறமும் குறை தெரிந்தால் அந்தக் குறைக்கு மட்டும் பணம் செலவழியுங்கள்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க எம்ஜிபியை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் தயாரான கார். 5 லட்சத்துக்கும் மேல் விற்றது. ஏறக்குறைய எல்லா உதிரிபாகமும் இன்னும் புதிதாகக் கிடைக்கிறது, எல்லா வகை கிட்டும் கிடைக்கிறது, ஆகவே தேர்வுக் குழப்பமும் இதில்தான் அதிகம். முன்னால் காயில் ஸ்பிரிங், விஷ்போன் (சக்கரத்தைக் காரோடு இணைக்கும் கவட்டை வடிவக் கை), கிங்பின். பின்னால் லீஃப் ஸ்பிரிங்கின் (அடுக்குப் பட்டை வில்) மேல் உட்கார்ந்திருக்கும் ஆக்சில். நான்கு மூலையிலும் ஆர்ம்ஸ்டிராங் லீவர் ஷாக். பிரேக் முன்னால் டிஸ்க், பின்னால் 10 அங்குல டிரம். இதன் முன் சஸ்பென்ஷனின் மூலம் 1947இல் வந்த எம்ஜி ஒய் டைப் காரில் இருக்கிறது. பின்னாளில் மினியை வடிவமைத்த அலெக் இஸ்ஸிகோனிஸின் வேலை அது. அங்கிருந்து 1950இல் டிடி, 1955இல் எம்ஜிஏ, பிறகு எம்ஜிபி என்று கைமாறி வந்தது. இவ்வளவு காலம் ஒரு வடிவம் நிலைத்ததற்குக் காரணம் அது அடிப்படையில் சரியானது என்பதே.

லீவர் ஷாக்: அதிகம் பழிக்கப்படும் பாகம்

முழு மாற்றத்தின் பக்கம் ஆட்களை இழுப்பது பெரும்பாலும் இந்த லீவர் ஷாக்தான். சாதாரண ஷாக் அப்சார்பர் குழாய் வடிவில் நிமிர்ந்து நிற்கும். லீவர் ஷாக் ஒரு வார்ப்பு உடல். அதிலிருந்து ஒரு கை நீண்டிருக்கும். சக்கரம் ஏறி இறங்கும்போது அந்தக் கை ஒரு தண்டைத் திருப்பும், தண்டு உள்ளே பிஸ்டன்களைத் தள்ளும், எண்ணெய் சின்ன வால்வு வழியே பிதுங்கிப் போகும்போது அதிர்வு அடங்கும். குழாய் ஷாக் செய்யும் அதே வேலைதான்.

இங்கே ஒரு விஷயத்தைக் கிட் வாங்கும் முன் புரிந்துகொள்ள வேண்டும். எம்ஜிபியின் முன்பக்கத்தில் ஷாக்கின் கையேதான் மேல் விஷ்போன். அதாவது அந்த வார்ப்பு உடலுக்குள் இருக்கும் தண்டும் அதன் புஷ்ஷும் சக்கரத்தின் நிலையையே பிடித்திருக்கின்றன. மலிவான குழாய் ஷாக் கிட்கள் பலவற்றில் பழைய லீவர் ஷாக் கழலாது. வால்வை எடுத்துவிட்டு அல்லது எண்ணெயை மட்டும் விட்டுவிட்டு, அதை வெறும் மேல் விஷ்போனாகப் பயன்படுத்திக்கொண்டு, பக்கத்தில் குழாய் ஷாக்கைப் பூட்டுவார்கள். தண்டின் புஷ் தேய்ந்திருந்தால் புது ஷாக் போட்ட பிறகும் சக்கரத்தின் மேல்பக்கம் ஆடும், ஸ்டீயரிங்கில் தெளிவு இருக்காது. செலவு செய்த பின்னும் லீவர் ஷாக்கைச் சீரமைக்கத்தான் வேண்டும். இதைத் தவிர்க்க வேண்டுமானால் முன் குறுக்குச் சட்டத்தோடு சேர்த்து எல்லாவற்றையும் மாற்றும் பெரிய கிட்டுக்குப் போக வேண்டும். அது வேறு அளவு வேலை.

லீவர் ஷாக்குக்குக் கெட்ட பெயர் வந்ததற்கு இன்னொரு காரணம், அதைச் சரியாகச் சீரமைக்காமல் வண்ணம் பூசி விற்பது. நல்ல மறுகட்டுமானம் என்றால் தண்டு ஓடும் துளையை லேத்தில் சரிசெய்து புது புஷ் போட வேண்டும், நல்ல ஆயில் சீல் போட வேண்டும், வால்வைத் திறந்து பார்க்க வேண்டும். சீல் மட்டும் மாற்றினால் தேய்ந்த தண்டு அந்தச் சீலையும் சீக்கிரமே தின்றுவிடும். மேலே இருக்கும் மூடியைத் திறந்து எண்ணெய் ஊற்றி வைப்பது சிகிச்சையே இல்லை. ஒழுகும் இடம் ஒழுகிக்கொண்டேதான் இருக்கும். சோதனை எளிது: இணைப்பைக் கழற்றிவிட்டுக் கையை மெதுவாக முழு வீச்சுக்கும் ஆட்டிப் பாருங்கள். எதிர்ப்பு இடைவிடாமல், ஒரே சீராக இருக்க வேண்டும். நடுவில் வெற்றாக ஓடினால் காற்று இருக்கிறது அல்லது எண்ணெய் குறைவு. தண்டு மேலும் கீழும் ஆடினால் புஷ் போய்விட்டது.

கொஞ்சம் கெட்டியான ஓட்டம் பிடிக்கும் என்றால் சீரமைக்கும்போதே வால்வின் ஸ்பிரிங்கை மாற்றிக் கடினமாக அமைத்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். எண்ணெயை மட்டும் கெட்டியாக்குவதை நான் விரும்புவதில்லை. குளிரில் ஒரு மாதிரியும் சூட்டில் ஒரு மாதிரியும் நடந்துகொள்ளும்.

பின்பக்கத்துக்கு வந்தால் கணக்கு மாறுகிறது. அங்கே லீவர் ஷாக் சக்கரத்தின் நிலையைப் பிடிக்கவில்லை, அதிர்வை மட்டும் அடக்குகிறது. ஆகவே குழாய் ஷாக்குக்கு மாறுவதில் அமைப்புச் சிக்கல் குறைவு. மாறுகிறவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். ஷாக்கின் நீளம் சரியில்லாவிட்டால் ஆக்சில் மேலே வரும்போது ரப்பர் தடுப்பைத் தொடும் முன்பே ஷாக் முட்டிக்கொள்ளும். அப்புறம் அந்த விசை முழுவதும் ஒரு சின்ன பிராக்கெட்டின் மேல், அது பூட்டிய பாடித் தகட்டின் மேல் விழும். இரண்டாவது, கிட்களோடு வரும் ஷாக்குகள் பல தேவைக்கு மேல் கடினமானவை. பின் ஆக்சில் குதிக்கும், மோசமான சாலையில் கார் பக்கவாட்டில் தாவும். கடினத்தைத் திருகி மாற்றக்கூடிய ஷாக் என்றால் மிகக் குறைந்த நிலையிலிருந்து தொடங்குங்கள்.

புஷ்: ரப்பரா, பாலியூரிதேனா?

பணத்துக்குத் தகுந்த பலன் அதிகம் கிடைக்கும் இடம் இதுதான். கண்ணில் படாத பாகம் என்பதால் கடைசியில் வைக்கப்படுவதும் இதுதான்.

ரப்பர் புஷ் எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதி விவாதம் முடிந்துவிடும். உள்குழாயைப் போல்ட் இறுக்கிப் பிடித்திருக்கும். விஷ்போன் ஏறி இறங்கும்போது ரப்பர் வழுக்காமல் முறுக்கிக்கொள்ளும், பிறகு பழைய நிலைக்குத் திரும்பும். அதனால்தான் ரப்பர் புஷ் உள்ள போல்ட்டைக் கார் ஆக்சில் ஸ்டாண்டில் தொங்கிக்கொண்டிருக்கும்போது இறுதியாக இறுக்கக் கூடாது. சக்கரங்கள் தரையில் நின்று, காரின் எடை முழுவதும் இறங்கிய பிறகே இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால் கார் நிற்கும்போதே ரப்பர் முறுக்கிய நிலையில் இருக்கும். உயரம் தவறாகக் காட்டும், புஷ் சில மாதங்களிலேயே கிழியும். புதுசு போட்டேன், சீக்கிரமே போய்விட்டது, இப்போது வரும் ரப்பரே சரியில்லை என்று கேள்விப்படும் கதைகளில் பலவற்றுக்கு இந்த ஒரு காரணம் போதும். மட்டமான ரப்பரும் சந்தையில் இருக்கிறது என்பதும் உண்மைதான்.

பாலியூரிதேன் (ஒருவகைக் கடின பிளாஸ்டிக்) புஷ் முறுக்கிக்கொள்வதில்லை, உள்குழாயின் மேல் சுழல்கிறது. எண்ணெய் பட்டாலும் ஊறாது, நீண்ட நாள் உழைக்கும், கையால் அழுத்தியே பல இடங்களில் பொருத்திவிடலாம். ஆனால் சுழலும் பரப்பில் அதற்கென்று வரும் சிலிகான் கிரீஸ் இல்லாவிட்டால் கிறீச்சிடும். சாலையின் கரகரப்பைக் காருக்குள் அதிகம் கடத்தும். முக்கியமாக, பல திசைகளில் வளைந்து கொடுக்க வேண்டிய இடத்தில் அது வளைய மறுக்கும். லீஃப் ஸ்பிரிங்கின் கண் அப்படிப்பட்ட இடம். கார் சாயும்போது ஸ்பிரிங் கொஞ்சம் முறுக வேண்டும். புஷ் விட்டுக்கொடுக்காவிட்டால் பட்டைகளும் பிராக்கெட்டும் அந்த விசையைச் சுமக்கும்.

இரண்டுக்கும் நடுவில் எம்ஜிபிக்காரர்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. 1973 முதல் 1976 வரை வந்த எம்ஜிபி ஜிடி வி8 மாடலில், கீழ் விஷ்போனுக்கு இரண்டு துண்டு ரப்பருக்குப் பதிலாக, உள்ளே எஃகுக் குழாயோடு சேர்ந்த ஒரே துண்டு ரப்பர் புஷ் போட்டார்கள். தொழிற்சாலையே கண்ட தீர்வு, சாதாரண எம்ஜிபியிலும் உட்காரும். சாலையில் ஓட்டும் காருக்கு என் தேர்வு முன்னால் இந்த வி8 புஷ், பின் லீஃப் ஸ்பிரிங்குக்கு நல்ல ரப்பர், ஆன்டி ரோல் பாருக்கு (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் தண்டு) மட்டும் பாலியூரிதேன். பந்தயத் தடத்துக்கு அடிக்கடி போகிற கார் என்றால் கீழ் விஷ்போனுக்கும் பாலியூரிதேன் போடுவதில் எனக்கு மறுப்பு இல்லை.

கிங்பின், ஹப், ஸ்பிரிங்

கிங்பின்னைப் பொறுத்தவரை தேர்வு என்று பெரிதாக இல்லை. ஆட்டம் இருந்தால் மாற்ற வேண்டும். முன்சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது, இன்னொருவர் பிரேக்கை மிதிக்கட்டும். மிதித்ததும் ஆட்டம் நின்றால் அது ஹப் (சக்கரத்தின் மையப் பாகம்) பேரிங். மிதித்தும் ஆடினால் கிங்பின்னோ அதன் மேல், கீழ் இணைப்போ. புது புஷ்ஷை அழுத்திய பிறகு இரண்டு புஷ்ஷும் ஒரே கோட்டில் வருமாறு ரீமர் (துளையை நுட்பமாகச் சீவும் கருவி) போட வேண்டும். அதற்கான நீள ரீமர் வீட்டில் இருக்காது, இதை லேத் பட்டறைக்கோ இந்த வேலை தெரிந்தவரிடமோ கொடுத்துவிடுவது நல்லது. கிங்பின்னுக்குப் பதில் பால் ஜாயின்ட் (பந்து மூட்டு) போடும் கிட்டும் உண்டு. சரியாகக் கிரீஸ் அடிக்கப்பட்ட கிங்பின் பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடும் என்பதால் அதற்கு அவசியம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கிரீஸ் அடிக்கும்போது சக்கரம் தரையை விட்டுத் தூக்கியிருக்கட்டும், அப்போதுதான் எடை தாங்கும் பரப்புக்கும் கிரீஸ் போய்ச் சேரும். டிரையம்ஃப் நிறுவனத்தின் டிஆர்4, ஸ்பிட்ஃபயர் கார்களை வைத்திருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அவற்றின் கீழ் டிரன்னியனுக்கு (முன்சக்கரம் திரும்பும் கீழ் மூட்டு) கியர் ஆயில்தான். அங்கே கிரீஸை அடைத்துவிட்டு மறந்தால், ஓடும்போதே முறிந்து சக்கரம் மடங்கும்.

முன் ஹப்பில் இரண்டு பேரிங்குக்கு நடுவே ஸ்பேசர் என்னும் இடைக்குழாயும் ஷிம் என்னும் மெல்லிய வளையங்களும் இருக்கும். 0.002 முதல் 0.004 அங்குலம் ஆட்டம் இருக்குமாறு ஷிம் வைத்து, நட்டை நன்றாக முறுக்கி இறுக்குவதுதான் முறை. ஷிம் தேடுவது தொல்லை என்று ஸ்பேசரையே எடுத்துவிட்டு, நட்டைத் தளர்வாக விட்டு ஓட்டுகிறார்கள். அந்த ஸ்பேசர் ஸ்டப் ஆக்சிலோடு (ஹப் உட்காரும் குட்டை அச்சு) சேர்ந்து வளைவு விசையைத் தாங்குகிறது. எடுக்காதீர்கள்.

ஸ்பிரிங் விஷயத்தில் சுருக்கமாகச் சொன்னால் போதும். அமுங்கிய லீஃப் ஸ்பிரிங்கைக் கழற்றி, பட்டைகளை வளைத்துப் பதமேற்றித் தருபவர்கள் இருந்தால் அது புதிய மலிவு ஸ்பிரிங்கைவிட மேல். புதியது போட்டால் முதல் சில வாரங்கள் கார் உயரமாக நிற்கும், பிறகு இறங்கும். ஆக்சிலை ஸ்பிரிங்கோடு பிணைக்கும் யு போல்ட்டை அதன் பிறகு மறுபடி இறுக்க வேண்டும். காரின் உயரத்தை ஹப் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள், டயர் காற்று அந்த அளவைக் கெடுக்காது. 1974 இறுதியிலிருந்து வந்த கறுப்பு ரப்பர் பம்பர் கார்களை அமெரிக்க விதிகளுக்காக ஓர் அங்குலத்துக்கும் மேல் உயர்த்தினார்கள், முன் ஆன்டி ரோல் பாரையும் சில காலம் நிறுத்திவிட்டார்கள். அந்தக் கார்களைப் பழைய உயரத்துக்கு இறக்கி, ஆன்டி ரோல் பாரைத் திருப்பிப் போடுவது நியாயமான மேம்பாடு. அதற்கும் கீழே இறக்குவது பார்வைக்கு மட்டுமே. சக்கரத்தின் வீச்சு குறையும், ஒவ்வொரு மேடும் ரப்பர் தடுப்பில் இடிக்கும்.

காயில் ஸ்பிரிங்கைக் கழற்றும்போது ஜாக்கியை விஷ்போனின் ஸ்பிரிங் தட்டுக்கு அடியில் வைத்து மெதுவாக இறக்குங்கள், அல்லது தட்டின் போல்ட்களுக்குப் பதில் நீண்ட போல்ட்களைப் போட்டுப் படிப்படியாகத் தளர்த்துங்கள். அந்த ஸ்பிரிங்குக்குள் அடங்கியிருக்கும் விசை ஆளைக் கொல்லும்.

பிரேக்: பெரிதாக்குவது எதைத் தீர்க்கும்?

முதலில் ஒரு அடிப்படை. பிரேக்கை அழுத்தினால் நான்கு சக்கரமும் பூட்டிக்கொள்ளும் அளவுக்கு விசை இருக்கிறதென்றால், ஒரே ஒரு தடவை நிறுத்தும் தூரத்தை முடிவு செய்வது டயரின் பிடிப்பு. பெரிய காலிப்பர் போட்டாலும் அந்தத் தூரம் குறையாது. அப்படியானால் பெரிய பிரேக் எதற்கு? சூட்டைத் தாங்க. 1000 கிலோ எடையுள்ள கார் 100 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கும்போது ஏறத்தாழ 386 கிலோஜூல் ஆற்றல் சூடாக மாறி டிஸ்க்கிலும் டிரம்மிலும் இறங்குகிறது. வேகம் இரட்டித்தால் அது நான்கு மடங்காகும். மலை இறக்கத்தில், பந்தயத் தடத்தில் இது அடுத்தடுத்து நடக்கும். அங்கேதான் காற்றோட்ட டிஸ்க்கும் தடித்த காலிப்பரும் சம்பாதிக்கின்றன. 1953இல் பிரான்சின் லே மான் நீள்தூரப் பந்தயத்தில் ஜாகுவார் சி டைப் டன்லப் டிஸ்க் பிரேக்கோடு ஜெயித்ததன் ரகசியமும் அதுவே. மற்றவர்களின் டிரம் சோர்ந்துபோன பிறகும் டிஸ்க் சளைக்காமல் பிடித்தது.

வார இறுதியில் சாலையில் ஓடும் எம்ஜிபிக்கு, நல்ல பேடும் நல்ல டிஸ்க்கும் உள்ள அசல் முன் பிரேக் போதும். பேட் தேர்வில், சூடேறிய பிறகே பிடிக்கும் பந்தய ரகத்தை விட்டுவிட்டு, குளிர்ந்த நிலையிலேயே நன்றாகப் பிடிக்கும் சாலை ரகத்தை எடுங்கள்.

பின் டிரம்மை டிஸ்க்காக மாற்றும் கிட்தான் அதிகம் யோசிக்க வேண்டியது. பிரேக் போடும்போது எடை முன்னுக்குச் சாயும். பின்சக்கரத்தின் பங்கு சிறியது, ஆனால் அந்தப் பங்கின் அளவு மிக நுட்பமாகத் தீர்மானிக்கப்பட்டது. முன்சக்கரத்துக்கு முன்பாகப் பின்சக்கரம் பூட்டிக்கொண்டால் கார் பம்பரமாகச் சுழலும். கிட்டில் வரும் காலிப்பரின் பிஸ்டன் அளவும் பேடின் உராய்வும் அந்தச் சமநிலையைக் குலைக்கலாம். குலையாமல் இருக்க, பின்சக்கரத்துக்குப் போகும் அழுத்தத்தைக் குறைக்கும் ஒரு பிரஷர் வால்வு சேர்க்க வேண்டிவரும், ஈரச் சாலையில் பாதுகாப்பான இடத்தில் சோதித்துச் சரிசெய்ய வேண்டிவரும். ஹேண்ட்பிரேக்கும் பல கிட்களில் டிரம் அளவுக்குப் பிடிப்பதில்லை. டிரம்முக்கு எதிரான புகார்களோ பெரும்பாலும் அட்ஜஸ்ட் செய்யாததால் வருபவை. ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடினால் பெடல் ஆழமாகப் போகும். முதலில் அதைச் சரிசெய்துவிட்டுப் பெடலை மிதித்துப் பாருங்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஆகவே டிரம்மைத் திறந்ததும் காற்றடித்துத் தூசியைப் பறக்கவிடாமல், நனைத்துத் துடைத்து எடுங்கள்.

பெடல் கடினமாக இருக்கிறது என்று சர்வோ (பெடலுக்குத் துணை விசை தரும் கருவி) போடுகிறவர்கள், அது காலின் உழைப்பைக் குறைக்கும், பிரேக்கின் தாங்குதிறனைக் கூட்டாது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளட்டும். மாஸ்டர் சிலிண்டரின் (பெடலை மிதித்ததும் பிரேக் எண்ணெயைத் தள்ளும் உருளை) விட்டத்தை மாற்றுவதும் அப்படித்தான். 0.70 அங்குலத்திலிருந்து 0.75 அங்குலத்துக்குப் போனால் பரப்பு சுமார் 15 சதவீதம் கூடும். பெடல் பயணம் குறையும், அதே அளவு அழுத்தத்துக்குக் கால் அதிகம் உழைக்க வேண்டும். பெரிய காலிப்பர் போட்டவர்கள் பெடல் ஆழமாகப் போகிறது என்று திகைப்பது இந்தக் கணக்கைப் போடாததால்தான். தள்ள வேண்டிய எண்ணெயின் அளவு கூடிவிட்டது, மாஸ்டர் சிலிண்டர் பழையதாகவே இருக்கிறது.

நான் தயங்காமல் மாற்றச் சொல்லும் ஒன்று உண்டு. ஒற்றைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரை இரட்டைச் சுற்றாக்குவது, அதாவது எண்ணெய்க்கு இரண்டு தனித்தனி வழி அமைப்பது. ஒற்றைச் சுற்றில் ஒரே ஒரு ஹோஸ் வெடித்தாலும் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை. அமெரிக்காவுக்குப் போன எம்ஜிபிகளில் 1968 மாடலிலிருந்தே, அந்நாட்டு விதியின்படி, இரட்டைச் சுற்று வந்துவிட்டது. ஆகவே தொழிற்சாலைப் பாகங்களைக் கொண்டே செய்யக்கூடிய மாற்றம் இது. அசல்தன்மையை எவ்வளவு மதித்தாலும் இந்த இடத்தில் உயிருக்குத்தான் முதலிடம்.

சீலும் குழாயும் எண்ணெயும்

சிலிண்டர்களுக்கு மூன்று வழி: கிட் போட்டு சீல் மாற்றுவது, ஸ்லீவ் (உள்சுவருக்கு மெல்லிய உலோகக் குழாய்) போடுவது, புதிதாக வாங்குவது. உள்சுவரை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் சீல் மாற்றினால் போதும். குழி விழுந்திருந்தால் தேய்த்துச் சமாளிக்கப் பார்க்க வேண்டாம். விட்டம் கூடும், சீல் பிடிக்காது. பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகு ஸ்லீவ் போட்டால் அசல் வார்ப்பையும் காப்பாற்றலாம், இனித் துருவும் ஏறாது. பின் டிரம்மின் வீல் சிலிண்டர் போன்ற சின்ன, சுலபமாகக் கிடைக்கும் பாகத்தைப் புதிதாகவே வாங்கிவிடலாம். அரிய கார்களின் மாஸ்டர் சிலிண்டருக்கு ஸ்லீவ்தான் வழி.

காலிப்பரில் பெரும்பாலும் கெடுவது பிஸ்டனின் குரோம் பூச்சு. துருப்பிடிக்காத எஃகு பிஸ்டனும் புது சீலும் போட்டால் அசல் காலிப்பர் நீண்ட காலம் நிற்கும். மலிவான புது காலிப்பரைவிட இதையே நான் தேர்ந்தெடுப்பேன். சிக்கிய பிஸ்டனை வெளியே எடுக்க கம்ப்ரசர் காற்றைவிட எண்ணெய் அழுத்தம் பாதுகாப்பானது. காரிலிருந்து முழுதாகப் பிரிக்கும் முன் பிரேக் பெடலை மிதித்தே பிஸ்டனை வெளியே கொண்டுவந்துவிடலாம். காலிப்பரின் இரு பாதிகளையும் அவசியமில்லாமல் பிரிக்காதீர்கள். நடுவே ஒரு சிறிய சீல் இருக்கிறது.

ஹோஸ் கட்டாயம் மாற்ற வேண்டும், வெளியே பளபளப்பாக இருந்தாலும். பழைய ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் வீங்கி, எண்ணெயைப் போகவிட்டுத் திரும்ப விடாமல் பிடித்துக்கொள்ளும். பிரேக் விடுபடாமல் ஒரு சக்கரம் மட்டும் கொதிக்கிறது என்றால் காலிப்பரைச் சந்தேகிக்கும் முன் ஹோஸைப் பாருங்கள். புதிதாக வாங்கும்போது ரப்பரா, எஃகு வலை பின்னியதா என்ற கேள்வி வரும். வலைப் பின்னல் கொஞ்சம் விறைப்பான பெடல் தரும். ஆனால் உள்குழாயின் நிலை கண்ணுக்குத் தெரியாது, எதிலாவது உரசினால் அதை அறுக்கும். நல்ல ரப்பர் ஹோஸ் போட்டு, குறித்த காலத்தில் மாற்றுகிறவருக்கு எதுவும் குறையாது.

இரும்புக் குழாய்களுக்குப் பதில் செம்பு-நிக்கல் கலவைக் குழாய் போடுவது எல்லா வகையிலும் நல்ல முடிவு. துருவேறாது, வளைக்கச் சுலபம், முனை விரிப்பது எளிது. தனிச் செம்பு அதிர்வில் விறைத்து விரிசல் விடும். துருப்பிடிக்காத எஃகு கடினமானது, முனையில் கசிவை நிறுத்துவது பெரும்பாடு. இணைப்பு நட்டுகளில் ஒரு எச்சரிக்கை: 3/8 அங்குல இழையும் 10 மி.மீ. இழையும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். தவறான நட்டு சில சுற்று ஏறவும் செய்யும், அழுத்தத்தில் பிய்த்துக்கொள்ளும்.

பிரேக் ஆயிலில் (டாட் என்பது அதன் தர வகை) டாட் 4க்கும் சிலிகான் அடிப்படையிலான டாட் 5க்கும் இடையே நீண்ட வாக்குவாதம் நடக்கிறது. டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில் கொதிக்கும், ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கும். பெயிண்டில் சிந்தினால் உரித்துவிடும். டாட் 5 பெயிண்டைத் தொடாது, ஈரத்தை உறிஞ்சாது, ஆகவே மாதக்கணக்கில் நிறுத்திவைக்கும் காருக்கு ஈர்ப்பாக இருக்கும். ஆனால் உள்ளே வந்த நீர் கலக்காமல் தாழ்வான இடத்தில் தேங்கும். காற்றுக் குமிழியை எளிதில் விடாது, ஏர் எடுப்பது பொறுமையைச் சோதிக்கும், பெடலும் கொஞ்சம் பஞ்சுபோல் இருக்கும். இரண்டையும் கலக்கவே கூடாது. மாற வேண்டுமானால் எல்லாச் சீலும் புதிதாக, குழாய்கள் காய்ந்து சுத்தமாக இருக்க வேண்டும். ஓட்டுகிற காருக்கு நான் டாட் 4 ஊற்றி, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவதையே சொல்வேன். பெயரில் மட்டும் ஒத்திருக்கும் டாட் 5.1 சிலிகான் இல்லை, டாட் 4 வகையைச் சேர்ந்தது.

எந்த வரிசையில் செய்வது?

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிரித்துப் போட்டால் கார் வருடக்கணக்கில் ஸ்டாண்டிலேயே நிற்கும் ஆபத்து உண்டு. முதலில் பிரேக், அடுத்து முன் சஸ்பென்ஷன், கடைசியில் பின்பக்கம் என்று மூன்று கட்டமாகப் போங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவில் காரை ஓட்டுங்கள். எது எதனால் மாறியது என்பது அப்போதுதான் தெரியும். டயர் பத்து வருடம் தாண்டியிருந்தால் அதை முதலிலேயே மாற்றிவிடுங்கள். விறைத்துப்போன ரப்பரின் மேல் உட்கார்ந்து சஸ்பென்ஷனைத் தீர்ப்புச் சொல்ல முடியாது. முன்பக்கம் முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பாருங்கள். எம்ஜிபியில் டோ (முன்சக்கரங்கள் உள்ளோ வெளியோ திரும்பி நிற்கும் அளவு) மட்டுமே மாற்ற முடியும், கேம்பர் (சக்கரம் செங்குத்திலிருந்து சாயும் அளவு) தவறாகக் காட்டினால் ஏதோ வளைந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஷாக் மறுகட்டுமானம், கிங்பின் ரீமர், ஸ்லீவ் ஆகிய மூன்றையும் வெளியே கொடுத்தால், மீதி வேலை முழுவதும் நல்ல ஸ்பேனர் செட்டும் டார்க் ரெஞ்சும் ஒரு பிரஸ்ஸும் உள்ள எவரும் வீட்டில் செய்யக்கூடியதே. பிரேக்கை முதல் முறை கட்டுகிறவர், சாலைக்கு இறங்கும் முன் அனுபவமுள்ள ஒருவரை ஒவ்வொரு இணைப்பையும் பார்க்கச் சொல்வது அவசியம்.

சீரமைத்த காரை ஒரு பருவம் முழுக்க, மழையிலும் வெயிலிலும், நேர்சாலையிலும் இறக்கத்திலும் ஓட்டிவிட்டு, குறைகளை ஒரு தாளில் எழுதுங்கள். வளைவில் அதிகம் சாய்கிறது என்று எழுதியிருந்தால் முன் ஆன்டி ரோல் பாரை ஒரு அளவு தடிப்பாக்குங்கள். மேட்டில் ஏறி இறங்கி ஆட்டம் அடங்கத் தாமதமாகிறதென்றால் லீவர் ஷாக்கின் வால்வைக் கடினமாக்கத் திருப்பி அனுப்புங்கள். நீண்ட இறக்கத்தில் பிரேக் மணம் வந்து பெடல் சோர்ந்தால் முதலில் பேடை மாற்றுங்கள், அதற்கும் அடங்காவிட்டால் வி8 மாடலின் தடித்த டிஸ்க்கும் பெரிய காலிப்பரும் அடுத்த படி. உங்கள் ரிம்முக்குள் காலிப்பர் உரசாமல் சுழல இடம் இருக்கிறதா என்று அளந்து பார்த்த பிறகு வாங்குங்கள்.